தரையைத் தொடாத சில்லு

குத்துக்கல்வலசையில் எலெக்ட்ரானிக்ஸ் பழகத் தொடங்கும் பிள்ளை ஒன்று முதலில் எதைச் செய்து பார்க்கலாம் என்று கேட்டால், எல்எம்317-ஐத்தான் கையில் கொடுப்பேன். 1970களில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் பாப் டாப்கின் வடிவமைத்த மூன்றுகால் வோல்ட்டேஜ் ரெகுலேட்டர் ஐசி அது. பழைய 12 வோல்ட் அடாப்டர், 240 ஓம் ரெசிஸ்டர், 5 கிலோஓம் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்), இரண்டு கெபாசிட்டர் இருந்தால் போதும். குமிழைத் திருப்பத் திருப்ப மல்டிமீட்டரில் எண் 1.25-இல் கிளம்பி, வழுக்கிக்கொண்டு பத்துக்குப் பக்கம் போய் நிற்கும். வருவதில் இரண்டு வோல்ட்டாவது அது தனக்கென்று எடுத்துக்கொள்ளும். கூலி என்று வைத்துக்கொள்வோம்.

இதன் அழகு எங்கே இருக்கிறது? தரைக்கென்று இதற்கு ஒரு கால்கூடக் கிடையாது! இன்புட், அவுட்புட், அட்ஜஸ்ட், அவ்வளவுதான். எத்தனை வோல்ட் தருகிறோம் என்பதே அதற்குத் தெரியாது. அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்டுக்கும் நடுவே 1.25 வோல்ட்டை விடாமல் பிடித்திருப்பது ஒன்றே அது அறிந்த வேலை. ஐந்தருவிச் சாலைப் படகுக் குளத்தில் நீர் ஏறினால் படகில் நிற்பவரின் தலையும் ஏறும், ஆள் வளர்ந்துவிடவில்லை. பாட் செய்வது நீரை ஏற்றும் வேலை.

அந்த 1.25-உம் யாரோ மனம்போல வைத்த எண் அல்ல. சூடு ஏறினால் டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ் இறங்கும். வெவ்வேறு மின்னோட்ட அடர்த்தியில் ஓடும் இரு டிரான்சிஸ்டர்களின் வோல்ட்டேஜ் வித்தியாசமோ ஏறும். ஒன்றின் இறக்கத்தை மற்றதன் ஏற்றம் சரிக்கட்டும்படி இரண்டையும் அளவாகக் கூட்டினால், சிலிக்கான் தருவது ஏறத்தாழ இந்த அளவுதான்.

இனி, அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்டுக்கும் நடுவே மாட்டும், சிவப்பு-மஞ்சள்-பழுப்புப் பட்டை போட்ட அந்த 240 ஓம். அதன் குறுக்கே 1.25 வோல்ட் என்றால் 5.2 மில்லிஆம்பியர் ஓடும். அதே ஓட்டம் பாட் வழியாகத் தரைக்கு இறங்குவதால், பாட்டில் கூடும் ஒவ்வொரு 240 ஓமுக்கும் இன்னொரு 1.25. பாட்டை 720 ஓமில் நிறுத்துங்கள்: மூன்று 1.25, சில்லின் சொந்த 1.25, ஆக 5 வோல்ட். அட்ஜஸ்ட் கால் வழியே கசிவது 50 மைக்ரோஆம்பியர் அளவுதான். அது நம் கணக்கைக் கெடுப்பதில்லை.

இந்த ரெசிஸ்டருக்குச் சத்தமில்லாத இரண்டாவது வேலையும் உண்டு. அவுட்புட்டில் கொஞ்சமாவது ஓட்டம் இருந்தால்தான் சில்லு பிடியை விடாது. வெளியே எதையும் மாட்டாத நேரத்தில் அந்த ஓட்டத்தைக் கொடுப்பதும் இதுதான். சில சில்லுகள் 10 மில்லிஆம்பியர் வரை கேட்கும் என்பதால், விவரமானவர்கள் 120 ஓம் போட்டுவிட்டு, ஐந்து வோல்ட்டுக்குப் பாட்டை 360-இல் நிறுத்துவார்கள்.