மாப்பிள்ளை உடம்பில் திருப்பூர் எங்கே?

போன வைகாசியில் சித்தப்பா பையனுக்குக் கல்யாணம். ஊர் அனுப்பர்பாளையம். முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம். ரிசப்ஷனுக்கு ஷெர்வானி, முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி. இப்போ எல்லா வீட்டிலும் இதுதான் நடைமுறை.

தம்பி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணியை ரெண்டு விரலில் கிள்ளிப் பார்த்தே இது 160 ஜிஎஸ்எம், இது 180 என்று சொல்லிவிடுவான். ஷேட் கொஞ்சம் மாறினாலும் லாட்டைச் சாயப்பட்டறைக்குத் திருப்பி அனுப்புகிற ஆள். அப்படிப்பட்டவன் ஷெர்வானி எடுக்கப் போன கடையில் துணியைத் தொட்டே பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்த்தான், செல்போனில் ஒரு படம் எடுத்தான், பொண்ணு வீட்டுக்கு அனுப்பினான். "போட்டோல தூக்கலா தெரியுமுங்க" என்றார் கடைக்காரர். அவ்வளவுதான், பில் போட்டாச்சு. ஒரு மாசச் சம்பளத்தில் முக்கால்வாசி.

வீட்டுக்கு வந்து நான்தான் உள்பக்கம் லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். மேல் துணி பாலியெஸ்டர், லைனிங் பாலியெஸ்டர், நடுவில் விறைப்புக்கு ஒட்டுத் துணி. வைகாசி வெயில், மேடையில் முகத்துக்கு நேரே ரெண்டு ஃபோகஸ் லைட், மூணு மணி நேரம். கழுத்துப் பட்டை உரசி உரசித் தோல் சிவந்துபோச்சு. ரூமுக்கு வந்து கழற்றினபோது உள்ளே பிழிகிற மாதிரி நனைந்திருந்தது ஒரு வெள்ளை காட்டன் பனியன். அதுதான் நம்ம ஊர்ச் சரக்கு. உலகத்துக்கே உடுப்பு அனுப்புகிற ஊர்க்காரன் கல்யாணத்தில் திருப்பூர் என்று சொல்ல இருந்தது அது ஒன்றுதான். அதுவும் யார் கண்ணுக்கும் படாத இடத்தில்.

அனுப்பர்பாளையத்தின் பழைய தொழில் பனியன் இல்லை, பாத்திரம். பித்தளை, செம்பு, எவர்சில்வர் என்று பட்டறைகள் இன்னும் ஓடுகின்றன. அந்தக் கல்யாணத்துக்கே சீர்ப் பாத்திரம் எடுக்கப் போனோம். சித்தி ஒவ்வொரு அண்டாவையும் விரலால் சுண்டிச் சத்தம் கேட்டார். தகடு எத்தனை கனம் என்று விசாரித்தார். தராசில் வைத்து எடை பார்த்துத்தான் வாங்கினார். பொண்ணுக்குச் சேலை எடுத்தபோதும் அதே கறார்தான்: ஜரிகை எவ்வளவு, முந்தி எப்படி, தறி எந்த ஊர் என்று அரை நாள். மாப்பிள்ளை உடுப்புக்குக் கடைசி இருபது நிமிஷம். அதிலும் ஒரே கேள்வி, சேலைக்கு மேட்சா?

இதைத்தான் 'மாப்பிள்ளை ஸ்டைல்' என்று எழுதுகிறவர்களும் வளர்த்துவிடுகிறார்கள். நிறத்துக்கேற்ற கலர், ப்ரோச், மோஜாரிச் செருப்பு, துப்பட்டாவை எந்தத் தோளில் போடுவது என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். துணி என்ன துணி, அதில் காற்று போகுமா, தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. படம் எடுக்கத்தான் உடுப்பு என்று ஒத்துக்கொண்ட பிறகு வேற என்ன கேட்பது?

வடநாட்டு உடுப்பு என்பதால் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பழைய ஸ்டூடியோ படங்களைப் பாருங்கள், வேட்டிக்கு மேல் கோட்டும் தலைப்பாகையுமாக எத்தனை தாத்தாக்கள்! கலப்பு நமக்குப் புதுசில்லை. அந்தக் கோட்டைத் தையல்காரர் அளவெடுத்துத் தைத்தார், தாத்தா அதற்கப்புறமும் பத்து வருஷம் போட்டார். தம்பியின் ஷெர்வானி மறுநாளே ஜிப் கவருக்குள் போய்விட்டது.

வேட்டிப் பக்கத்திலும் சிக்கல் உண்டு. 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்கு வேட்டியோடு போன நீதிபதி ஹரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. ஆகஸ்டிலேயே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டிக்காக ஒருவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம். ஆனால் கிளப்புக்குள் போக வேட்டிக்குக் கிடைத்த உரிமை, சொந்த ரிசப்ஷன் மேடையில் ஏறக் கிடைக்கவில்லை. அங்கே தடுப்பது வாசல்காரர் இல்லை, நாமேதான்.

1983-இல் கே. ஆர். நாகராஜன் திருப்பூரில் தொடங்கிய ராம்ராஜ், வேட்டிக்கு மரியாதையைத் திருப்பிக் கொண்டுவந்ததில் பெரிய பங்கு வகித்தது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த 'சல்யூட்' விளம்பரத்தைக் கவனியுங்கள். சல்யூட் யாருக்கு? கசங்காத வெள்ளையில் நடந்து வருகிற பெரிய மனுஷனுக்கு. வேட்டி அந்தஸ்தாக விற்றது, துணியாகப் பேசப்படவில்லை. அதனால்தான் பட்டு வேட்டி எடுக்கும்போதும் கரை அகலத்தைப் பார்க்கிறோம், பட்டா என்று பார்ப்பதில்லை.

பார்க்கிறது ஒண்ணும் கஷ்டமில்லைங்க. ஓரத்தில் தொங்குகிற நூலில் ஒன்றை உருவிக் கொளுத்தினால் போதும். பட்டு என்றால் முடி கருகுகிற வாசம் வரும், சாம்பல் பொடிப் பொடியாக உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாக நிற்கும். கடையில் தீக்குச்சி எடுக்கக் கூச்சமாக இருந்தால் சில்க் மார்க் இருக்கா என்றாவது கேட்கலாம், 2004-இலிருந்து இருக்கிறது. சேலம் வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடே உண்டு. எட்டு முழம், அதாவது மூணரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

முகூர்த்தத்துக்குத் தம்பி கட்டியது சேலத்து வேட்டி. பெரியப்பாதான் கட்டிவிட்டார். இடுப்பில் வெல்க்ரோ ஒட்டுவைத்த வேட்டி வாங்கியிருந்தாலும் நான் கேலி செய்திருக்க மாட்டேன். நழுவிடுமோ என்ற பயத்தோடு மணவறையில் உட்காருவதைவிட அது மேல். அங்கங்கே இன்னும் வழக்கத்தில் இருக்கிற உருமாலையும் தலையில் கட்டினார்கள். அதற்கு எஸ், எம், எல் கிடையாது, அவனவன் தலைதான் அளவு. இணைச்சீருக்குத் தங்கச்சியோடு உட்கார்ந்து எழுந்து, பெரியவர்கள் காலில் விழுந்து, பந்தியில் பரிமாறவும் போனான். ஆல்பத்தில் அந்தப் படங்களில்தான் அவன் முகம் அவன் முகமாக இருக்கிறது.

ஆவணியில் அவனுடைய கூட்டாளிக்குக் கல்யாணம். ஷெர்வானியை இரவல் கேட்டிருக்கிறார்கள். கொடுத்துவிட்டு, கடைக்கும் கூடவே போயிருக்கிறான். அங்கே ஒரு சட்டைத் துணியைக் கிள்ளிப் பார்த்து, "இதுல காட்டன் எத்தனை பர்சன்டுங்ண்ணா?" என்று கேட்டானாம். கடைக்காரர் முதலாளியிடம் கேட்டுவரப் போனாராம்.