சிறைவிடு காதையில் வெகுளி

சேலம், நாமக்கல் சமவெளியில் முனியப்பன் எனின் உருட்டிய விழியும் ஓங்கிய வாளுமே நினைவுக்கு வரும். சேலம் கோட்டைச் சாலையில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பெற்ற திருவுருவமோ அமைதியாய் அமர்ந்த புத்தரே எனச் சென்னை உயர்நீதிமன்றம் 2022-இல் முடிவு செய்தது. முனி என்பது புத்தர்க்கும் உரிய பெயர். முனிவு என்பதோ வெகுளி!

வெகுளியைப் பௌத்தம் கண்டவாற்றை மணிமேகலை காட்டும். அறவண அடிகள் எண்ணும் பத்துத் தீவினைகளுள் உள்ளத்தன மூன்று: வெஃகல், வெகுளல், பொல்லாக் காட்சி. செயலாகு முன்னரே வெகுளி தீவினை என்க. 2000 மார்ச்சில் தர்மசாலையில் தலாய் லாமாவுடன் உரையாடிய பால் எக்மன் முதலிய உளநூலாரோ, ஊறு விளைக்குமிடத்தே உணர்ச்சி தீதாகும் என்னும் கருத்தினர்.

மகனை இழந்த இராசமாதேவி செய்த கொடுமைகளினின்று மணிமேகலையைக் காத்தவை வேற்றுரு மந்திரமும் ஊணொழி மந்திரமும். அரசியை மாற்றியது மந்திரமன்று. அழுதது உடற்கோ உயிர்க்கோ என்ற வினாவே. புலவர் அவித்ததாகக் கூறும் தீயும் மகன்துயரே. வெகுளி அதன் வழித்தோன்றியது. நிகழ்ந்ததை மாற்றாது அதன் பொருளை மாற்றிக் காணும் இக்கால உளநூல் முறை இதனோடு ஒக்கும். எனினும் இரண்டும் ஒன்றே என்பாரோடு யாம் உடன்படோம். அவ்வினா மறுபிறப்பை ஏற்றார்க்கே முழுதும் பொருந்தும், உளநூல் முறை அக்கொள்கையை வேண்டுவதன்று.