கயிறு பிடிக்க ஓர் ஆள்

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தல் 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆயினும் அத்தொழிலின் ஒழுங்கொன்று இன்றும் எண்ணத் தக்கது. நீரில் இறங்குபவன் ஒவ்வொருவனுக்கும் தோணியில் கயிறு பிடிக்க ஒருவன் உண்டு. கீழிருந்து கயிறு அசைந்தால் மேலே தூக்குவது அவன் பொறுப்பு. தோணியில் பலர் இருந்தாலும் அந்த உயிருக்கு அவனே பதில் சொல்ல வேண்டும்.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தை ஒரு நூலைப் போலப் படித்தபோது இந்த ஒழுங்கே நம் நினைவுக்கு வந்தது. குற்றம் புரிந்த சிறுவனை விசாரிக்க நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் கொண்ட குழுமம். காவல் நிலையந்தோறும் குழந்தை நல அலுவலர். அவன் வீட்டையும் சூழலையும் ஆராய்ந்து இரண்டு வாரத்துள் அறிக்கை தரும் நன்னடத்தை அலுவலர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என இத்தனை கைகளைச் சட்டம் அழைக்கிறது. 16 வயது நிறைந்தவன் கொடுங்குற்றம் புரிந்தால் வயது வந்தோரைப் போல விசாரிக்கவும் இடமுண்டு. அப்போதும் 21 வயதுவரை அவனைச் சிறைக்கு அனுப்பலாகாது. நோக்கம் உயர்ந்ததே.

நாம் காணும் குறை வேறு. கைகள் பல, கயிறு யாருடையது? காவலர் அறிந்தது ஆசிரியருக்கு எட்டாவிடில், நன்னடத்தை அலுவலர் எழுதியது கோப்பிலேயே உறங்கிவிடில், பலர் கூடியும் பயனில்லை. பூட்டிவைப்பது திருத்தமாகாது. 2022-ஆம் ஆண்டின் இறுதி நாளில் செங்கல்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் தாக்கப்பட்டு இறந்தான். கைதானோர் அங்குப் பணிபுரிந்தவர்களே. பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை அரசு ஒருநபர் குழுவாக அமர்த்தியது. 2023-இல் அவர் அறிக்கையும் அளித்தார்.

சிறுவனாகவே விசாரிக்கப்பட்டவனைச் சிறப்பு இல்லத்தில் மூன்றாண்டுக்கு மேல் வைக்க இயலாது. அவன் திரும்புவது உப்பளத்துக்கும் துறைமுகத்துக்கும் இடைப்பட்ட அதே தெருவுக்குத்தான். பழைய கூட்டாளிகள் அவனைத் தோளில் கைபோட்டு வரவேற்பர். நல்லோர் கதவைச் சாத்திக்கொள்வர். பழைய தீர்ப்பு அவனுக்குத் தகுதிக்குறைவாகாது என்கிறது சட்டம். ஊர் நாவை அது கட்டுப்படுத்தாது.

உயிரிழந்தவர் வீட்டாரின் கண்ணீரை மறந்து இதைச் சொல்கிறோம் என எவரும் கருத வேண்டா. அக்கண்ணீர் இன்னொரு வீட்டில் வடியாதிருக்கவே சொல்கிறோம். ஒவ்வொரு சிறுவனுக்கும் பொறுப்பாளர் ஒருவரைப் பெயர் குறித்து அமர்த்த வேண்டும். காவலரும் ஆசிரியரும் தொழிற்பயிற்சி நிலையத்தாரும் மாதந்தோறும் அவர்முன் கூடவேண்டும். பள்ளிவாசல் ஜமாஅத்தும் பங்குக் கோயிலும் ஊர்க் கமிட்டியும் தத்தம் தெருவில் அவனுக்கு வேலை தரும் ஒருவரையேனும் தேடித் தரவேண்டும். அரசைக் குறைகூறும் நாம், அந்த ஒருவராக முன்வருவோமா?