சுலோகமும் சுகாதார சேவையும்

பிரசார வாசகமொன்றைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்ளல் தகுமோ என வினவுவோர் உளர். 2016 யூன் 23 ஆந் திகதி பிரித்தானியாவில் நடந்த சர்வசன வாக்கெடுப்பில், ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகவேண்டுமென 51.9 வீதமானோர் வாக்களித்தனர். விலகல் அணியினர் சிவப்பு நிற பஸ் ஒன்றில் எழுதி ஊர்தோறும் கொண்டு சென்ற வாசகம் இவ்வெற்றிக்கு இன்றியமையாததாய் இருந்ததென அவ்வணியின் பிரசாரத்தை நெறிப்படுத்திய டொமினிக் கமிங்ஸ் 2017 இல் எழுதினார். ஆகவே அதனை நுணுகி நோக்குதல் பொருந்தும்.

அவ்வாசகம் இரு கூறுகளை உடையது. ஒன்றியத்துக்கு வாரந்தோறும் 350 மில்லியன் பவுண் அனுப்புகிறோம் என்பது முதற்கூறு. அதற்குப் பதிலாக எமது தேசிய சுகாதார சேவைக்கு நிதியளிப்போம் என்பது இரண்டாங்கூறு. முதற்கூறு பிழையானது. 1984 இல் மார்கிரட் தட்சர் பெற்ற கழிவு, பணம் செலுத்தப்படுமுன்னரே கழிக்கப்பட்டுவிடும்; எஞ்சியது ஏறத்தாழ 250 மில்லியன். அதிலும் ஒரு பகுதி விவசாய மானியமாகவும் பிறவாகவும் திரும்பி வந்தது. இத்தொகை மக்களைத் தவறாக வழிநடத்தக்கூடியதெனப் புள்ளிவிபர அதிகாரசபை கண்டித்தது. வைத்தியரும் பழமைபேண் கட்சி உறுப்பினருமான சாரா வொலஸ்ரன் இதனாலேயே விலகல் அணியைத் துறந்தார்.

ஆயினும் எதிரணியினர் முதற்கூற்றை மறுப்பதிலேயே காலங்கழித்தனர். 350 அன்று, 250 என்று அவர்கள் வாதிடுந்தோறும், பெருந்தொகை ஒன்று வெளியே போகிறது என்பதே கேட்போர் மனத்திற் பதிந்தது. இரண்டாங்கூற்றை அவர்கள் தீண்டவில்லை. நுட்பம் யாவும் அங்கேயே உள்ளது. 'அளிப்போம்' என்பது வாக்குறுதி போல் ஒலிக்கிறது. ஆயின் அளிக்கும் பொறுப்புடைய எழுவாய் அங்கில்லை. பிரசார அணி அரசாங்கமன்று. வாக்கெடுப்பு முடிந்ததும் அது கலைந்துவிடும். மறுநாட் காலையிலேயே நைஜல் பராஜ் அத்தொகைக்கு உத்தரவாதம் தரமுடியாதென்றார். (அவர் வேறோர் அணியைச் சேர்ந்தவர் என்பதையுங் கூறவேண்டும்.)

1946 இல் சுகாதார சேவைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தது பழமைபேண் கட்சி. 2016 இல் அச்சேவையின் காவலராகத் தோன்றியோரிற் பலர் அக்கட்சியினரே. ஆனால் தொழிற்கட்சியையும் இவ்விடத்து விலக்கிப் பேசுதல் நேர்மையன்று. 2019 நவம்பரில் ஜெரமி கோர்பின், ஐக்கிய அமெரிக்காவுடனான வர்த்தகப் பேச்சுகள் குறித்த 451 பக்க ஆவணங்களை உயர்த்திக் காட்டி, சேவை விலைபேசப்படுகிறது என்றார். மருந்துக் காப்புரிமை பேசப்பட்டமை அவற்றில் உண்டு. சேவையை விற்க இணங்கியமைக்குச் சான்றில்லை. பிரசல்சின் இடத்தில் வொசிங்டன் நின்றது; உரைமுறை ஒன்றே. டிசம்பர்த் தேர்தலில் அது பலிக்கவில்லை: பழமைபேண் கட்சி 365 ஆசனங்களைப் பெற்றது.

இரு கட்சிகளும் ஆபத்தை வெளியிலேயே கண்டன. சேவையை நிறுவிய அனுரின் பெவன் 1951 இல் பதவி துறந்ததோ, பொய்ப்பற்களுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் தமது சொந்தக் கட்சி அரசாங்கமே கட்டணம் விதித்தபோதாகும். 2016 இன் பின்னர் ஐரோப்பிய நாடுகளிலிருந்து புதிதாகப் பதிவுசெய்த தாதியர் தொகை சடுதியாக வீழ்ந்தது. அவ்வாண்டு புகுத்தப்பட்ட ஆங்கிலமொழிப் பரீட்சையும் அதற்கு ஒரு காரணம். அத்தாதியரைப் பற்றி பஸ்ஸில் ஒரு சொல்லும் இருக்கவில்லை.