'சர்ச்' என்னும் சொல்லும் நம் திருச்சபையும்

ஒரு மொழிக்குள் பிறமொழிச் சொல் வந்து குடியேறுவது புதுமையன்று. தமிழும் அத்தகைய விருந்தினரைக் காலந்தோறும் வரவேற்றே வந்திருக்கிறது. ஆயினும், வந்த சொல் ஏற்கெனவே வீட்டில் இருந்த சொற்களை என்ன செய்தது என்று கேட்பது திறனாய்வின் கடமையாகும். அந்த நோக்கில், சென்னைக் கிறிஸ்தவர்களின் நாவில் நாள்தோறும் புழங்கும் 'சர்ச்' என்னும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லை ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

ஆங்கிலத்தில் இச்சொல் பல பொருள் தருவது. வழிபாட்டுக்குரிய கட்டடம், அங்கே நிகழும் வழிபாடு, உலகெங்கும் பரவியுள்ள கிறிஸ்தவ மக்களின் திருக்கூட்டம், அக்கூட்டத்துள் ஒரு தனிப்பிரிவு, பழைய வழக்கில் குருத்துவப் பணி என இத்தனையையும் அவ்வொரு சொல்லே சுமக்கிறது. ஆனால் ஆங்கிலேயர் இவற்றைக் குழப்பிக்கொள்வதில்லை. முன்னே 'தி' சேர்க்காமல் 'சர்ச்சுக்குப் போகிறேன்' என்றால் வழிபாட்டுக்குப் போவதாகும். 'தி' சேர்த்துச் சொன்னால் அக்கட்டடத்துக்குப் போவதாகும். கூரையைச் செப்பனிடப் போகும் கொத்தனாரும் அவ்வாறு சொல்லலாம். பெரிய எழுத்தில் தொடங்கி எழுதினால் பெரும்பாலும் திருக்கூட்டத்தையோ ஒரு தனிப்பிரிவையோ குறிக்கும். தமிழில் அந்தத் 'தி'யும் இல்லை. பெரிய எழுத்தும் இல்லை. ஆகவே இச்சொல் நம்மிடம் வந்தபோது, பொருளைப் பிரித்துக் காட்டும் அடையாளங்களை எல்லாம் துறையிலேயே விட்டுவிட்டு வந்தது.

தமிழில் இவ்வெறுமையை நிரப்பச் சொற்கள் இல்லாமலா இருந்தன? நிறையவே இருந்தன. கட்டடத்துக்குக் கோவில்; வழிபாட்டுக்குப் பூசை, பின்னர் திருப்பலி; மக்களுக்குத் திருச்சபை. மூன்று பொருளுக்கு மூன்று தெளிவான சொற்கள்.

இவற்றுள் 'கோவில்' வந்த வரலாறு சிந்தனைக்குரியது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் மயிலாப்பூர்க் கரையில் குடியேறினர். அவர்களிடமிருந்து ஜன்னல், சாவி, மேசை, அலமாரி ஆகிய சொற்களை நாம் பெற்றோம். பாதிரியார் என்பதையும் பெற்றோம். ஆனால் ஆலயத்தைக் குறிக்க அவர்கள் வழங்கிய 'இக்ரேஜா'வை நாம் ஏற்கவில்லை. வடநாட்டு இந்தி மொழி அதனைக் 'கிர்ஜா' என்று ஏற்றுக்கொண்டது. தமிழர்க்கு அத்தேவை எழவில்லை. கையில் கோவில் இருந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான அன்றிக் அடிகளாரின் நூல் 'தம்பிரான் வணக்கம்' என்று பெயர் பெற்றதும் இந்த மனப்பாங்கினால்தான். தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் கோவில், பூசை, குரு, அருள் முதலிய சொற்களைக் கிறிஸ்தவ வழக்கில் வேரூன்றச் செய்தவர் எனப் போற்றப்படுகிறார். அவர் 1656இல் இறைவனடி சேர்ந்ததும் இதே மயிலாப்பூரில்தான்.

அச்சொல்லின் பொருத்தத்தையும் காண்போம். கோ என்பது அரசன். இல் என்பது வீடு. சிலப்பதிகாரத்தில் இச்சொல் அரண்மனையையும் குறிக்கும். 'பசிலிக்கா' என்பதோ அரச மண்டபம் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. 'சர்ச்' என்பதன் மூலமும் 'ஆண்டவருக்குரியது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே என்பர் மொழியியலார். 1896இல் அருள்பொழிவு பெற்று, 1956இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட சாந்தோம் பேராலயத்தைத் 'தோமையார் கோவில்' என்று ஒரு பாட்டி சொல்லியிருந்தால், உரோமை வழங்கிய சிறப்புப் பெயரை அவர் அறியாமலேயே மொழிபெயர்த்துவிட்டார் எனலாம்.

இன்று நகரின் வழக்கு எவ்வாறு உள்ளது? மயிலாப்பூர் வட்டாரத்தின் சாலைப் பெயர்களே சான்று: லஸ் சர்ச் சாலை, ரோசரி சர்ச் சாலை, மாதா சர்ச் சாலை. 1516ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொண்டாடும் லஸ் பிரகாச மாதா ஆலயத்துக்குத் தமிழ் மக்கள் இட்ட பெயர் 'காட்டுக் கோவில்'. சாலைப் பலகையில் அப்பெயர் இல்லை. தமிழகத்தின் பிற ஊர்களில் 'மாதா கோவில் தெரு' என்று வழங்குவது இங்கே 'மாதா சர்ச் சாலை' ஆகிவிட்டது. மாதா தமிழில் நிற்க, கோவில் மட்டும் ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில், ஒரே கடற்கரையில், 'அஷ்டலட்சுமி கோவில்' என்றும் 'வேளாங்கண்ணி சர்ச்' என்றும் வழிகேட்கிறோம். நாகைக் கடற்கரைக்குப் பயணம் போனால் அதே அன்னையின் இல்லம் 'மாதா கோவில்' ஆகிவிடுகிறது.

இதனைத் தற்காப்பு என்று சிலர் வாதிப்பர். கோவில் என்பது இந்து சகோதரர்களுக்குரிய சொல். நமக்குத் தனி அடையாளம் வேண்டாமா என்பது அவர்தம் கேள்வி. இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. எனினும், மாற்றாக அவர்கள் முன்வைக்கும் 'ஆலயம்' என்பதும் இரு சமயத்தாருக்கும் பொதுச்சொல்லே. மேலும், தமிழகத்துச் சிற்றூர்களில் நம் ஆலயத்தை 'மாதா கோவில்' என்று உரிமையோடு அழைப்பவர்களுள் பிற சமயத்தவர் எண்ணற்றோர். அண்டை வீட்டார் தம் சொல்லால் நம் இறைவனின் இல்லத்தை அழைப்பது நமக்குக் கிடைத்த மரியாதை. அதனை நாமே திருப்பிக் கொடுப்பானேன்?

எனினும் இக்கட்டுரையின் முதன்மையான கவலை இதுவன்று. ஆங்கிலச் சொல் கோவிலோடு நிற்கவில்லை. பூசையையும் திருச்சபையையும் விழுங்கத் தொடங்கிவிட்டது என்பதே கவலை. முன்னர் 'பூசை கண்டு வந்தோம்' என்றனர் நம் மூத்தோர். இப்போது 'சர்ச்சுக்குப் போய்வந்தோம்' என்கிறோம். முன்னது செயலைச் சொல்கிறது. பின்னது இடத்தைச் சொல்கிறது. முன்னதைச் சொன்னவர் பலியில் பங்கேற்றாக வேண்டும். பின்னதைச் சொல்ல வாயில்வரை போய் நின்றாலும் போதும்.

இவ்வாறு மக்கள் மறைந்து கட்டடம் எஞ்சுவதற்கு நம் நகரிலேயே ஓர் ஒப்புமை உண்டு. சபை என்றால் கூட்டம். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இசைச் சுவைஞர்கள் கூடி நிறுவியவையே ரசிக ரஞ்சனி சபா, கிருஷ்ண கான சபா முதலியவை. இன்றோ, மார்கழியில் 'சபாவுக்குப் போகிறேன்' என்பவர் ஓர் அரங்கத்தையும், சமயத்தில் அதன் சிற்றுண்டிச் சாலையையும் நினைக்கிறாரேயன்றிச் சுவைஞர் கூட்டத்தை நினைப்பதில்லை. இசைக்கு அதனால் பெருங்கேடு இல்லை. ஆனால் விசுவாசத்துக்கு?

பவுலடியார் பிரிஸ்கா, அக்கிலா இல்லத்தில் கூடிய திருச்சபைக்கு வாழ்த்து அனுப்பியபோது, அதற்கெனத் தனிக் கட்டடமோ கோபுரமோ கிடையாது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கம், இறைமக்களைப் பற்றி இரண்டாம் இயலில் பேசிவிட்டு, ஆயர் முதலிய திருப்பணியாளரைப் பற்றி மூன்றாம் இயலிலேயே பேசுகிறது. அவ்வரிசை தற்செயலானதன்று. நம் பேச்சில் அவ்வரிசை தலைகீழாகிறது. 'ஏழைகளுக்குச் சர்ச் என்ன செய்தது?' என்று கேட்கும் பொதுநிலையினர் எழுவாயில் தம்மைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆயரையும் குருக்களையும் நிறுவனத்தையுமே கருதுகின்றனர். அதே வினாவைத் 'திருச்சபை என்ன செய்தது?' என்று கேட்டால், 'நாம் என்ன செய்தோம்?' என்னும் எதிரொலி உடனே எழக்கூடும்.

2020ஆம் ஆண்டு நமக்கு ஒரு தேர்வு வைத்தது. கொள்ளைநோய் ஊரடங்கில் ஆலயக் கதவுகள் அடைபட்டன. ஏப்ரல் 12இல் வந்த உயிர்ப்புப் பெருவிழாவில் இருக்கைகள் வெறுமையாய்க் கிடந்தன. 'சர்ச் மூடியிருக்கிறது' என்றோம். அதில் பிழை ஏதும் தோன்றவில்லை. 'கோவில் மூடியிருக்கிறது' என்பதும் சரியே. ஆனால் 'திருச்சபை மூடியிருக்கிறது' என்று தமிழில் சொல்ல இயலுமா? நா அதற்கு இணங்காது. வீடுகளில் செபமாலை சொன்ன குடும்பங்களும், பசித்தவர்க்கு உணவுப் பொட்டலம் கொண்டு சென்ற இளைஞரும் திருச்சபையாகவே இருந்தனர். 'சர்ச்' மறைத்துவிடும் இவ்வுண்மையைத் தமிழ்ச் சொல் வெளிப்படையாக வைத்திருக்கிறது.

ஆங்கிலச் சொல்லிலும் ஓர் அழகு இல்லாமல் இல்லை. கல்லையும் மக்களையும் ஒரே பெயரால் அழைப்பது, கல் மக்களுக்காகவே என்று நினைவூட்டவும் கூடும். அந்நினைவு உள்ளவர்க்கு அது நன்று. நினைவு தேய்ந்தவர்க்குக் கல்லே எஞ்சும்.

ஆகவே 'சர்ச்' என்பதைத் தடைசெய்ய வேண்டும் என்று நாம் கூறவில்லை. பேருந்து நடத்துநரும் ஆட்டோ ஓட்டுநரும் விரும்பியவாறே அழைக்கட்டும். ஆனால் மறைக்கல்வி வகுப்பிலும், பங்கு அறிவிப்பிலும், இல்லத்து உரையாடலிலும் மூன்று சொற்களையும் அவற்றின் இடத்தில் வழங்குவோமாக. ஞாயிறன்று எங்கே போகிறோம் என்று குழந்தை கேட்டால், 'கோவிலுக்கு' என்போம். எதற்கு என்றால், 'திருப்பலிக்கு' என்போம். அங்கே யார் இருப்பார்கள் என்றால், 'திருச்சபை. அதில் நீயும் ஒருவர்' என்போம்.