வெடிக்குழாயும் முதற்பதிப்பும்

ஏழாயிரம்பண்ணையில் ஒரு வீட்டுத் திண்ணை. பழைய தாளில் வெடிக்குக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவின் முன்னால் இரண்டு குவியல்கள். ஒன்றில் பரீட்சைத்தாள், கணக்கு நோட்டு, செய்தித்தாள். மற்றது ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. ஒதுக்கியதைக் கிளறினேன். அட்டை போன ஓர் ஆங்கிலப் புத்தகம். பக்கத் தலைப்பைக் கொண்டு பால்கிரேவின் 'கோல்டன் டிரெஷரி' என்று தெரிந்தது. நம்மூர்க் கல்லூரிகளில் பல தலைமுறைகள் மனப்பாடம் செய்த கவிதைத் தொகுப்பு. தலைப்புப் பக்கம் இல்லாததால் எந்த வருஷத்துப் பதிப்பு என்று சொல்ல வழியில்லை.

'இத ஏங்க்கா ஒதுக்கிட்டீங்க?'

ஒரு தாளை விரல் நுனியில் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: 'அது ஆகாது தம்பி. ரொம்பப் பழசு. சுருட்டுறப்பவே நொறுங்கிரும்.'

அந்த விரல் என்னை ஒரு பழைய வழக்குக்குக் கொண்டுபோனது. லண்டனில் தாமஸ் ஜே. வைஸ் என்று ஒரு பெருஞ்சேகரிப்பாளர். ஆங்கில இலக்கிய முதற்பதிப்புகளில் அவர் சொன்னதே கடைசிச் சொல் என்றிருந்த காலம். எலிசபெத் பாரெட் பிரௌனிங்கின் காதல் சானெட்டுகள் 1850இல்தான் நூல் தொகுதிக்குள் வந்தன. அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1847இல், ரீடிங் நகரில் தனிச்சுற்றுக்காக அச்சான சிறுநூல் என்று ஒன்று சந்தையில் புழங்கி, பெரும் விலைக்குப் போனது. 1934இல் ஜான் கார்ட்டர், கிரஹாம் பொல்லார்டு என்ற இரண்டு இளம் புத்தக வியாபாரிகள் அந்தக் காகிதத்தைச் சோதித்தார்கள். அதில் ரசாயன மரக்கூழ் இருந்தது. 1847இல் இங்கிலாந்தில் அப்படிக் காகிதமே கிடையாது. வைஸ் கைவைத்த இதுமாதிரிச் சிறுநூல்கள் வரிசையாக அம்பலமாயின. கவிதையை வரி வரியாகப் படித்த எந்த விமர்சகனுக்கும் தட்டுப்படாத பொய்யைக் காகிதம் சொல்லிவிட்டது. அவர்களுக்கு நுண்ணோக்கி தேவைப்பட்டது. அக்காவுக்கு விரல் போதும். இரண்டும் ஒரே அறிவின் இரண்டு வடிவங்கள் என்றே எனக்குப் படுகிறது. ஒன்றை நூலியல் என்கிறோம். மற்றதைக் கூலிவேலை என்கிறோம்.

முதற்பதிப்பு மோகத்தைப் பண்டவழிபாடு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஓரளவு உண்மையும்கூட. ஆர்.கே. நாராயணின் 'சுவாமியும் நண்பர்களும்' நாவலின் 1935 லண்டன் பதிப்பைத் தேடுகிறவனுக்கு மேலுறை இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்பதே கேள்வி. நம்மில் பலர் படித்தது மைசூரிலிருந்து நாராயணே நடத்திய பதிப்பகம் போட்ட மலிவு மறுபதிப்பை. அதற்குச் சந்தையில் மதிப்பில்லை. வாசகன் கைபட்டதால் மதிப்பு குறைகிற ஒரே பொருள் புத்தகமாகத்தான் இருக்கும்!

கோட்பாடு பேசும் நண்பர் ஒருவர் இதை வேறு பக்கத்திலிருந்து அடிக்கிறார். 'ஆசிரியனே செத்தாச்சுன்னு ரொலான் பார்த் சொல்லி எத்தனை வருஷம் ஆச்சு! இன்னும் முதற்பதிப்பு, மூலபாடம்னு தேடிட்டு அலையுறது மூலத்தின்மீதான ஏக்கந்தானே?' சரிதான், ஆனால் பாதிதான் சரி. ஷேக்ஸ்பியரின் 1623 ஃபோலியோவில் உலகெங்கும் ஏறத்தாழ 235 பிரதிகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றில் 82 வாஷிங்டன் ஃபோல்ஜர் நூலகத்தில். ஒரே புத்தகத்தை ஒரு பணக்காரர் இத்தனை தடவை வாங்கியது பைத்தியக்காரத்தனம் என்றுதான் தோன்றும். அந்தப் பிரதிகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டவற்றைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு சார்ல்டன் ஹின்மன் 1963இல் வெளியிட்ட ஆய்வு, அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்தங்கள் நடந்ததையும் திருந்திய தாளும் திருந்தாத தாளும் கலந்தே தைக்கப்பட்டதையும் காட்டியது. ஆக, ஒற்றை மூலம் என்று ஒன்று இல்லை. நண்பர் கோட்பாட்டால் சொல்ல வந்ததைக் காகிதம் சான்றோடு சொல்கிறது. ஆனால் பிரதிகள் மிஞ்சியிருந்தால்தான் அதையும் சொல்ல முடியும். மூலம் இல்லை என்று காட்டுவதற்கும் சேகரிப்பாளன் வேண்டியிருக்கிறது.

நம் பக்கம் வருவோம். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிய கலைஞர். பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், குஜிலிப் பிரசுரம் என்று பண்டிதர்கள் தீண்டாததையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு அந்தச் சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே 1994இல் நூலகமாக்கியது. ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் வாங்கியதில் உள்ள அதிகாரத்தைப் பேசத்தான் வேண்டும். அதைப் பேசும்போதே, நம் பல்கலைக்கழகங்கள் ஏன் வாங்கவில்லை என்பதையும் பேச வேண்டும். புதுமைப்பித்தன் கதைகளைக் காலவரிசையில், பாடவேறுபாடுகளோடு ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் பதிப்பித்தார். அவர் இறந்து ஐம்பத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை நாம் எழுதிய விமர்சனங்களில் எத்தனை, அச்சுப் பிழையை உத்தி என்று வியந்தவை?

இன்னும் முக்கியமானது அயோத்திதாசர். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' எந்த முதற்பதிப்புச் சந்தையிலும் விலைபோன சரக்கல்ல. விலையே காலணா. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைப் போற்றிக் காத்திருக்காவிட்டால், ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வந்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்திருக்காது. கடந்த கால் நூற்றாண்டில் தமிழ்ச் சிந்தனை வரலாறே வேறு மாதிரி எழுதப்பட்டதும் நடந்திருக்காது. இவர்கள் சேர்த்தது அபூர்வம் என்பதற்காக அல்ல, இது போனால் நாம் போனோம் என்பதற்காக. அபூர்வத்தைச் சேர்ப்பவனுக்கும் அவசியத்தைச் சேர்ப்பவனுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆங்கில ஏலக் கடைகளின் அளவுகோலால் அளக்க முடியாது. எது 'அரிய நூல்' என்பதை விலை தீர்மானிக்கும்வரை, விலையற்றவர்களின் எழுத்து எடைக்குத்தான் போகும்.

குழாய் சுருட்டுகிறவர்களின் உயிர் என்ன விலை என்பது இந்தக் கரிசலில் தனிக் கேள்வி. 2021 பிப்ரவரியில் பக்கத்து அச்சங்குளத்தில் வெடிவிபத்தில் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். அவர்கள் பெயரைத் தாங்கிய தாள்களும் இந்நேரம் ஏதோ ஒரு எடைக்கடையில் கிடக்கலாம்.

ஒதுக்கிய புத்தகத்தைக் கேட்டேன். அக்கா தயங்கினார். 'கொண்டு போங்க தம்பி. ஆனா எடை போட்டுக் குடுத்த தாளு. பதிலுக்கு ஏதாச்சும் குடுத்துட்டுப் போங்க, கணக்குக் கொறையும்ல.' பையில் அன்றைய செய்தித்தாளும் ஒரு சிற்றிதழின் பழைய இதழும் இருந்தன. எடைக்கு எடை வர இரண்டையுமே கொடுக்க வேண்டியிருந்தது. சிற்றிதழின் தாளைத் தேய்த்துப் பார்த்தார். 'இது நல்லாச் சுருளும்' என்றார்.

வீட்டுக்கு வந்து அந்த இதழின் இன்னொரு பிரதி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.