கெடாத கோப்பும் கெட்டதென்னும் தீர்ப்பும்

அல்லைப்பிட்டியின் கரையோர மணலிலிருந்து சொங் வமிசக் காலத்துச் சீன மட்பாண்டத் துண்டுகள் வெளிப்பட்டமை ஈழத்து வரலாற்று மாணவர் நன்கறிந்த செய்தியாகும். 2018இல் சங்காய் அரும்பொருளகத்தாரும் இலங்கை மத்திய கலாசார நிதியத்தாரும் கூடி அங்கு அகழ்வாய்வு நடத்தினர். ஓர் ஓட்டுத் துண்டு தன்னளவில் அழகியதாயிருக்கலாம். எந்த அடுக்கில், எதனருகே கிடந்தது என்பது பதியப்படாதவிடத்து அது சான்றாகாது, வெறுங்காட்சிப் பொருளாகவே எஞ்சும். தமிழ்க் கணினிப் பாவனையின் தொடக்க காலத்தை மீட்க முயல்வோருட் பலர் இவ்வுண்மையைத் தம் துறைக்குப் பொருத்திப் பார்க்கத் தவறியுள்ளனர்.

அத்தொடக்க காலம் டொஸ் இயங்குதளத்தின் காலம். 1980களிற் கனடாவிலிருந்து சீனிவாசன் ஆக்கிய 'ஆதமி'யும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய 'முரசு'வும் அச்சூழலிலேயே தோன்றின. டொஸ் தமிழெழுத்தை அறியாது. ஆதலின் நிரல்களே எழுத்துருவையும் சுமந்துவர வேண்டியிருந்தது. 1990இலும் அதனையடுத்தும் அல்லைப்பிட்டி உள்ளிட்ட தீவகத்து ஊர்களிலிருந்து பெருந்தொகையினர் பெயர்ந்தனர். புலம்பெயர்ந்த தமிழர் கணினியில் எழுதத் தொடங்கியதும் ஏறத்தாழ அக்காலத்திலேயாம். அச்சேறியவற்றை 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் பேணிவருகின்றது. அச்சேறாது நெகிழ்வட்டுகளிலேயே தங்கிவிட்டவற்றைத் திறப்பதற்கு எமுலேற்றரே, அதாவது பழைய பொறியைப் புதிய பொறியினுள் பாவனை செய்து காட்டும் நிரலே, பெரிதும் கைகொடுக்கின்றது. அவ்வகையில் 2002இல் வெளிவந்த டொஸ்பொக்ஸ் பலராலும் விரும்பப்படுவது.

நினைவகத்தைக் கூட்டிக் கொடுத்தால் எப்பழைய நிரலும் ஓடிவிடும் என்பது பொதுவான எண்ணம். இது பிழையானது. டொஸ் நிரல்களுக்கு நேரடியாகக் கிடைத்தது 640 கிலோபைற் மட்டுமே. அதற்கு மேலே ஒரு மெகாபைற் வரையிலான 384 கிலோபைற் திரைக்கும் பிற கருவிகளுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வெல்லையைத் தாண்டுவதற்கென 1985இல் லோட்டஸ், இன்ரெல், மைக்ரோசொப்ற் ஆகிய நிறுவனங்கள் ஈ.எம்.எஸ். முறையை வகுத்தன, பின்னர் எக்ஸ்.எம்.எஸ். வந்தது. ஒரு நிரல் இவற்றுள் ஒன்றை நாடும், மற்றொன்று இன்னொன்றைக் கண்டாலே தடுமாறும். டொஸ்பொக்ஸின் அமைப்புக் கோப்பில் இவை தனித்தனி வரிகளாக உள்ளன, வேண்டாததை அணைத்துவிடலாம். மொத்த நினைவகம் 16 மெகாபைற் என இயல்பாகவே குறிக்கப்பட்டிருக்கும். அதனை மாற்றாதிருப்பதே பெரும்பாலும் நன்று என்பது அக்கோப்பிலேயே எழுதப்பட்டுள்ள அறிவுரை.

இவற்றுள் ஈண்டு விரிவாக நோக்கற்பாலது வேறொரு சிக்கல். மைக்ரோசொப்ற்றின் எக்செபாக் என்னும் கருவியாற் சுருக்கி அடைக்கப்பட்ட நிரல்கள், நினைவகத்தின் முதல் 64 கிலோபைற்றுக்குள் ஏற்றப்படின், தம்மை விரித்துக்கொள்ளும் வேளையில் முகவரிக் கணக்கில் வழுவக்கூடும். முன்னைய பொறிகளில் டொஸ்ஸும் அதன் துணை நிரல்களும் அப்பகுதியை நிரப்பியிருந்தமையால் இவ்வழு மறைந்தே கிடந்தது. 1991இல் வந்த டொஸ் 5ஆம் பதிப்பு தன் பெரும்பகுதியை மேலே மாற்றிக்கொண்டு கீழே இடத்தைக் காலியாக்கவே அது வெளிப்பட்டது. எமுலேற்றரிலும் அவ்விடம் பெரும்பாலும் வெறுமையே. அப்போது திரையிற் தோன்றும் செய்தி, அடைக்கப்பட்ட கோப்பு கெட்டுவிட்டது என்பது. கோப்போ சிறிதும் கெடவில்லை! பரிகாரம் லோட்ஃபிக்ஸ் என்னும் கட்டளை. அது கீழ்ப்பகுதியில் 64 கிலோபைற்றை வீணே நிரப்பி, நிரலை அதற்கு மேலே ஏற்றுகின்றது. முப்பதாண்டு பழைமையான வட்டொன்றைக் கையிலேந்தியவர் இச்செய்தியைக் கண்டதும் வட்டே பழுதென்று முடிவுகட்டி ஒதுக்கிவிடுதல் இயல்பு. அவ்வாறு ஒதுக்கப்படும் வட்டுடன் ஓர் ஊரவரின் கடிதங்களும் கவிதைகளும் போய்விடக்கூடும்.

டொஸ்பொக்ஸும் குறையற்றதன்று. அது விளையாட்டுகளுக்கெனவே ஆக்கப்பட்டது. அதன் மூலப் பதிப்பில் அச்சுப்பொறி வசதி இல்லை. எழுதுவதற்கும் அச்சிடுவதற்குமென உண்டான தமிழ் நிரலை அதில் ஓட்டிப் பார்ப்பவர் பாதியையே காண்கிறார். அதன் வழிவந்த டொஸ்பொக்ஸ்-எக்ஸ் இவ்வகையிற் பயன்மிக்கது.

உள்ளடக்கத்தை யூனிகோட்டுக்கு மாற்றிவிட்டால் பழைய நிரல் எதற்கு என்று கேட்போரும் உளர். மாற்றம் அவசரமானது, அதில் ஐயமில்லை. ஆயினும் முன்னைய நிரல்கள் ஒவ்வொன்றும் தத்தம் குறியீட்டு முறையையே கொண்டிருந்தன. மாற்றியது சரிதானா என்பதை மூல நிரலின் திரையோடு ஒப்புநோக்கியே உறுதிசெய்தல் இயலும். பாடபேதங்களைக் காட்டாத பதிப்பாசிரியரை மன்னிக்காத தமிழுலகம் இங்கு மட்டும் இளகிய மனங்கொள்வது வியப்பிற்குரியது. எமுலேற்றரின் பதிப்பு எண், நினைவக வரிகள், லோட்ஃபிக்ஸ் வேண்டியதாயின் நிரப்பிய அளவு ஆகியவை வட்டின் படியோடு சேர்த்து வைக்கப்படல் வேண்டும். அமைப்புக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பே. அதனை வைக்க ஒரு நெகிழ்வட்டின் மூலையே போதும்.